பதினொரு நொடி கொசுறு

படத்தைவிட ஒலி பதினொரு நொடி நீளமாக இருந்தது.

ஒட்டு மறுபடியும் கூட்டிப் பார்த்தான். கேமரா துண்டு துண்டாக எழுதிவைத்த நான்கு கோப்புகள் ஒரு தட்டில். மேஜைமேல் தனியாக வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவி ஒரே மூச்சில் எழுதிய கோப்பு மறு தட்டில். தராசு நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை. பதினொரு நொடி கொசுறு. அடுத்தவர்கள் எடுத்துக் குவித்த நாடகம், பேட்டி, பாடம் எல்லாவற்றையும் தடம் தெரியாமல் ஒட்டிக் கொடுத்தே 'ஒட்டு' என்ற பட்டப்பெயரைச் சம்பாதித்தவன் அவன். எந்த வியாபாரியும் சும்மா கொசுறு போடுவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

வெளியே உச்சிவெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே அது தெரியாது. சன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் கறுப்பு நுரைமெத்தை. பேசினால் சொல் வாயைவிட்டு ஓரடி போய்ச் செத்து விழும். ஏசி மட்டும் மூன்று மூச்சுக்கு ஒருமுறை 'டக்' என்று நாக்கைச் சொடுக்கும். ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுகிறேன், ஆள் கூப்பிடுகிறேன் என்றே இரண்டு கோடையை ஓட்டியிருந்தான்.

படத்தில் இருப்பது அவன் அக்கா. வீட்டில் உட்கார்ந்தபடி தையல் பாடம் எடுத்துப் பதிவுசெய்பவள். ஒன்பது நாளாக அவளைக் காணவில்லை.

மூன்றாம் துண்டின் கடைசிக் காட்சியில் நாற்காலியில் இருக்கிறாள், தையல் மிஷின்மேல் குனிந்தபடி. நான்காம் துண்டின் முதல் காட்சியில் நாற்காலி காலி. மிஷினின் சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு இருபது நிமிடம் ஆளில்லாத அறை. கடைசியில், சாப்பிட வந்து தட்டித் தட்டி அலுத்த அக்கா புருஷன், மாமா, உள்தாழ்ப்பாள் போட்ட கதவை உடைத்துக்கொண்டு வருகிறார்.

அந்த மாமாதான் இப்போது போனில்.

"என்னடா ஆச்சு? நாலு துண்டா கொடுத்தா ஸ்டேஷன்ல வாங்க மாட்டேங்கறாங்க. நடுவுல நீயே வெட்டிட்டியான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறான்."

"ஒட்டிட்டுதான் இருக்கேன் மாமா. ஒரு நொடி குறையாது."

"குறையக் கூடாதுப்பா. சொல்லாம ஒரு கடைக்குக்கூடப் போனவ இல்ல உங்க அக்கா. லிஸ்ட் போட்டு என் தலையில கட்டிட்டுதான் போவா." சிரிக்கப் பார்த்தார். பாதியில் மூக்கு உறிஞ்சும் சத்தம் வந்தது.

கொசுறைப் பற்றிச் சொல்லாமலே ஒட்டு போனை வைத்தான்.

கருவியின் கடிகாரம் வேகமாக ஓடினால் ஒலி நீளும்தான். ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாக விலகும். இங்கே அப்படியில்லை. தொடக்கத்தில் அக்கா ஒருமுறை கை தட்டுகிறாள். அவன் சொல்லிக்கொடுத்த வழக்கம். 'ஆரம்பிக்கும்போது ஒரு தட்டு, முடிக்கும்போது ஒரு தட்டு. அதை வெச்சுதான் உன் உதட்டோட உன் குரலைச் சேர்ப்பேன்.' அந்தத் தட்டிலிருந்து மூன்றாம் துண்டின் கடைசித் தையல்வரை படமும் ஒலியும் நகமும் சதையுமாக இருந்தன. நான்காம் துண்டின் முதல் காட்சியிலேயே பதினொரு நொடி விலகல். அதாவது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கேமரா பார்க்காத பதினொரு நொடியைக் கருவி கேட்டிருக்கிறது.

முடிவுத் தட்டு எங்கேயும் இல்லை.

வேறு யாருடைய வேலையாக இருந்தாலும் அந்தப் பதினொரு நொடியைக் கத்தரித்துக் கடாசிவிட்டு, ஒட்டிய இடத்தை நீவிவிட்டு, சிரித்த முகத்தோடு கையில் கொடுத்திருப்பான். இதில் அக்கா இருக்கிறாள். அவள் இருக்கும் கடைசி இடம் இதுதான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தத் துணுக்கை மட்டும் ஓடவிட்டான்.

மிஷின் ஓடும் சத்தம். அது தளர்ந்து, தேய்ந்து, வெறும் சக்கரம் சுற்றும் முனகலாக ஆனது. ஒரு பெருமூச்சு. பிறகு, டக்.

ஹெட்போனைக் கழற்றினான். தலைக்கு மேல் ஏசி சொடுக்கியது. மறுபடி மாட்டினான். உள்ளேயும் சொடுக்கியது. அக்கா வீட்டில் ஏசி கிடையாது.

காதோடு அழுத்திக்கொண்டான். முனகலுக்கு அடியில், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல ஒரு குரல்.

"வெட்டிடு."

பாடத்தில் நூறு முறை சொல்வாள்: நூலை வெட்டிடுங்க. அதுதான். அதுவேதான் என்று மனசை அடக்கி இன்னொரு முறை கேட்டான்.

"வெட்டிடுடா தம்பி. திரும்பாத."

பின்னால் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூல் இருக்கிறது. காலியாக. வந்தபோது பார்த்தான். வந்தபோது.

கை கத்தரிக்கும் பொத்தான்மேல் நின்றது. ஒரு சொடுக்கு போதும். ஆனால் வெட்டினால் அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேயே தங்கிவிடுவாள். வெட்டிக் கொடுத்தால் மாமா கையில் விலங்கு ஏறும். அவனால் முடியவில்லை.

படம் இல்லாமல் ஒலி மட்டும் இருக்கும் இடத்தில் அவன் எப்போதும் செய்வதையே செய்தான். கறுப்பு வைத்தான். பின்னால் படம் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம் என்று, பஸ் சீட்டில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதுபோல, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே பதினொரு நொடி வெறும் கறுப்பு. இப்போது எல்லாம் பொருந்தியது. ஒரு நொடி குறையாது.

ஓடவிட்டான்.

அக்கா குனிந்தாள். திரை கறுத்தது.

கறுத்த கண்ணாடியில் அவன் முகம். ஹெட்போன். பின்னால் கதவு. ஸ்டூல்.

மூன்றாவது நொடி. சக்கரத்தின் முனகல்.

ஐந்து. டக்.

ஸ்டூலுக்கு மேலே இருட்டு, சுவரின் இருட்டைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது.

"வெட்டிடுடா தம்பி."

எட்டு. அந்த அடர்த்தி இரண்டு கைகளை விரித்தது. மெதுவாக. பழகிய கைபோல.

"திரும்பாத."

பதினொன்று.

கை தட்டும் சத்தம். ஹெட்போனில் இல்லை. பிடரிக்குப் பின்னால்.

திரும்பிவிட்டான்.

கதவு இல்லை. ஸ்டூல் இல்லை. சுவர் இல்லை. கையை நீட்டினால் எதிலும் முட்டாத கறுப்பு. தூரத்தில் மட்டும் ஒரு கைக்குட்டை அளவு வெளிச்சம். அதற்குள் அவன் மேஜை. அவன் சுழல்நாற்காலி. காலி. இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். குளிர்ந்த விரல்கள் அவன் மணிக்கட்டைப் பற்றின. ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல்நுனிகள்.

"வெட்டிடுன்னு சொன்னேனேடா."

வெளிச்சத்துக்குள் நாற்காலி நின்றது. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் முதுகோடு, யாரோ அதில் உட்கார்ந்தார்கள். ஹெட்போனை எடுத்துச் சரியாக மாட்டிக்கொண்டார்கள். மேஜையில் போன் ஒளிர்ந்து நகர்ந்தது. எடுத்துக் காதில் வைத்து, முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, அவன் உதட்டை அசைத்தார்கள்.

சத்தம் வரவில்லை.

ஒன்று. இரண்டு. அக்காவின் விரல் அவன் உள்ளங்கையில் எண்ணிக்கொண்டே வந்தது. ஒன்பது. பத்து.

வெளிச்சத்தில் அந்த வாய் எப்போதோ மூடிவிட்டது. பதினோராவது நொடியில் அவன் குரல் வந்தது. அசலாக அவன் குரல்.

"ஒட்டி முடிச்சாச்சு மாமா. நீங்களே வந்து பாருங்க."