அப்பாவை எழுப்பாத மடிக்கணினி

லோஷினியின் அப்பா சபாபதி எங்கே வேண்டுமானாலும் தூங்குவார். ஒருமுறை பல் மருத்துவரிடம் போனவர், வாயைத் திறந்தபடியே நாற்காலியில் தூங்கிவிட்டார். பல்லைப் பிடுங்கியதே அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் ஒரு பல் குறைவதைக் கண்டுபிடித்து, சோற்றுக்குள் தேடினார்.

இடிக்கும் எழமாட்டார். பக்கத்து வீட்டுத் தகரக் கூரைமேல் டுரியான் பழம் விழுந்தபோது மலேசியாவின் மாசாய் ஊரில் பாதிப் பேர் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அப்பா புரண்டு படுத்தார்.

ஆனால் ஏதாவது இயந்திரம் இரைந்தால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிப் போய், சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இரவெல்லாம் ஒரு பெரிய இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அதன் இரைச்சல் கூடினால் சூடாகிறது என்று அர்த்தம். உடனே ஓடிப்போய் அணைக்க வேண்டும். பல வருடப் பழக்கத்தில், அவர் தூங்கினாலும் காது மட்டும் வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் பகலில் சட்னி அரைக்க வேண்டுமென்றால், அம்மா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு லூசி ஆன்ட்டியிடம் போய்விடுவார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் லோஷினியின் அண்ணன் ரூபேந்திரன் ஒரு கேமிங் மடிக்கணினி கேட்டிருந்தான்.

"உன் பாடத்துக்கும் ஆச்சு, அம்மாவோட கேக் ஆர்டருக்கும் ஆச்சு, என் கேமுக்கும் ஆச்சு. ஒண்ணு வாங்கினா போதும்லா," என்றான்.

அண்ணனின் நண்பன் டாரில் வீட்டு மடிக்கணினியை லோஷினி பார்த்திருக்கிறாள். கேம் தொடங்கியதும் அதன் உள்ளே சுழலும் காத்தாடி இரைந்த இரைச்சலில், மேசைமேல் இருந்த ரொட்டித் துண்டு தானாக நகர்ந்தது. அன்று பயந்து ஓடிய அந்த வீட்டுப் பூனையை அடுத்த ஊரான பாசிர் கூடாங்கில் யாரோ பார்த்தார்களாம்.

பள்ளி விட்டு வரும் நேரம்தான் அப்பா தூங்கும் நேரம். அப்பா வேலைக்குக் கிளம்பிய பிறகு விளையாடலாமென்றால், அம்மா பாடம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்.

அப்பா தூங்காவிட்டால் என்ன ஆகும் என்பது லோஷினி ஒருத்திக்குத்தான் தெரியும்.

போன மாதம், பள்ளி விடுமுறையில் ஒரு காலை. அவள் கதவைத் திறந்தபோது, அப்பா ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. மோட்டார் சைக்கிள் சாலையோரச் சாக்கடையான லோங்காங்குக்குள் கிடந்தது.

"லோங்காங் திடீர்னு ரோட்டுக்கு நடுவுல வந்துருச்சுமா," என்றார்.

லோஷினி சிரிக்கவில்லை.

"கண்ணு சொருகிருச்சு," என்றார் மெல்ல. "அம்மாகிட்ட சொல்லிடாதே. பயந்துருவாங்க."

மற்றவர்களிடம் குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டார். லோஷினி மூச்சு விடவில்லை. அம்மாவின் பங்குப் பயத்தையும் சேர்த்து அவளே பயந்தாள். இரவில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. வகுப்பில் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அப்பாவைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைப்பாள். ஒருநாள் அவர் கூப்பிட்டது, கீழே விழுந்த அழிப்பானைக் கொடுக்க. அவள் அழுதேவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. வேலை முடிந்து வந்த அப்பா படுக்கவில்லை. குளித்துவிட்டு, "வாங்க, போலாம்," என்றார்.

"தூங்கிட்டு சாயங்காலம் போலாமேப்பா."

"அண்ணன் வாரம் பூரா காத்துக்கிட்டிருக்கான்லமா."

மூவரும் பஸ்ஸில் போனார்கள். ஜொகூர் பாருவில் அந்தக் கணினிக் கடை சில்லென்று இருந்தது. வரிசையாக மடிக்கணினிகள் சிவப்பும் நீலமுமாக ஒளிர்ந்தன. இருட்டில் ஏதோ மிருகங்கள் கண்ணை விழித்துப் பார்ப்பதுபோல் லோஷினிக்குத் தோன்றியது.

விற்பனையாளர் வாலண்டைன், இருப்பதிலேயே பெரிதாக இருந்த சிவப்பு விளக்குக் கணினியைத் தட்டிக் காட்டினார். "இதான் அங்கிள், ராஜா. இதோட கிராஃபிக்ஸ் கார்டு ஒரு கிரிக்கெட் டீம் செய்யற வேலைய ஒண்டியா செய்யும்."

ரூபேந்திரனின் கண்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டன.

"சத்தம் வருமா அண்ணே?" என்று கேட்டாள் லோஷினி.

"வருமாவா? கல்யாண மண்டபத்துக்கே போதும் தங்கச்சி. ஸ்பீக்கர் அப்படி."

"அந்தச் சத்தம் இல்ல. காத்தாடிச் சத்தம்."

வாலண்டைன் தலையைச் சொறிந்தார். "அது கொஞ்சம் மூச்சு விடும்."

"நான் ஹெட்போன் போட்டுக்குவேன். உனக்கென்ன?" என்றான் ரூபேந்திரன்.

"ஹெட்போன் உன் காதுல இருக்கும். காத்தாடி அப்பா காதுல இருக்கும்."

"அலமாக், கெடுக்கறதுக்குன்னே வந்திருக்கா."

அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. "விடுமா. நான் காதுல பஞ்சு வெச்சுக்கறேன்," என்று சொல்லி, வங்கி அட்டைக்காகப் பைக்குள் கையை விட்டார்.

'அப்பா மோட்டாரிலிருந்து விழுந்துவிட்டார்' என்ற வார்த்தைகள் லோஷினியின் தொண்டை வரை வந்தன. விழுங்கினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்புக் கண் வீட்டுக்கு வந்துவிடும்.

மூலையில் சாய்ந்துகொள்ளும் கேமிங் நாற்காலி ஒன்று விற்பனைக்கு இருந்தது.

"அப்பா, அதுல கொஞ்சம் உக்காருங்க. கால் வலிக்கும்ல."

அப்பா உட்கார்ந்தார். நாற்காலி பாதி சாய்வதற்குள் குறட்டை வந்துவிட்டது. மீதிப் பாதி தானாகச் சாய்ந்தது.

"அண்ணே, இந்த ராஜாவை அப்பா பக்கத்துல வெச்சு கேம் ஓட்டிக் காட்டுங்க," என்றாள் வாலண்டைனிடம். களைத்துத் தூங்கும் அப்பாவை எழுப்பப் பார்க்கிறோமே என்று அதற்கும் பயமாக இருந்தது.

கேம் தொடங்கியது. முதலில் 'உஸ்' என்றது. பிறகு 'உய்ய்' என்றது. இரைச்சல் ஏறிக்கொண்டே போனது.

அப்பா துள்ளி எழுந்தார். இயந்திரத்தை அணைக்க ஓடுவார் என்று லோஷினி நினைத்தாள். அவர் ஓடவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அங்கே இல்லாத பிரேக்கை இறுகப் பிடித்தார். வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. முகம் வெளுத்திருந்தது.

"லோங்காங்..." என்றார். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று சொல்லிச் சாய்ந்தார். வாலண்டைன் சட்டென்று கேமை நிறுத்தினார். குறட்டை மறுபடி கேட்டது.

ரூபேந்திரன் அப்பாவின் முழங்கைத் தழும்பைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான்.

"பாத்ரூம்ல விழலையா? மோட்டார்லயா?"

சொல்லக்கூடாது என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். தலையாட்டக்கூடாது என்று சொல்லவில்லை. லோஷினி தலையாட்டினாள்.

ரூபேந்திரன் சிவப்பு விளக்குக் கணினியைத் தானே மூடினான்.

"அண்ணே, சத்தம் கம்மியா வேற காட்டுங்க."

"இதையே சைலண்ட்ல போடலாமே தம்பி." வாலண்டைன் போட்டுக் காட்டினார். காத்தாடி அடங்கியது. ஆனால் திரையில் ஓடிய வீரன், முட்டிவலி வந்தவன்போல் விட்டுவிட்டு ஓடினான்.

அடுத்து வந்தது சாம்பல் நிறத்தில் ஒன்று. கொஞ்சம் தடிமன். பார்க்கச் சோற்றுப் பாத்திரம் மாதிரி இருந்தது. விளக்கு எதுவும் இல்லை.

"கார்டு கொஞ்சம் சின்னது. ஆனா சூடாகாது," என்றார் வாலண்டைன். அவரும் இப்போது கிசுகிசுப்பாகத்தான் பேசினார்.

வீரன் தடங்கலில்லாமல் ஓடினான்.

"ராஜாவுல ஆடுன புல் இதுல ஆடமாட்டேங்குதே அண்ணே," என்றாள் லோஷினி.

"புல் ஆடாட்டிப் போகுது," என்றான் ரூபேந்திரன். அவன் திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தான்.

மூன்று பேரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். காத்தாடி மெல்லச் சுழன்றது. அப்பாவின் புருவம் அசைந்தது. கை மேலே வந்தது. பிரேக்கையா பிடிக்கப்போகிறது?

கை மூக்கைச் சொறிந்துவிட்டுக் கீழே போனது. குறட்டை பெரிதானது. இப்போது காத்தாடிச் சத்தமே கேட்கவில்லை.

"இதையே வாங்கிக்கலாம்," என்றான் ரூபேந்திரன்.

"பணம் கட்ட அங்கிளோட அட்டை வேணுமே. யாரு எழுப்புறது?" என்று கேட்டார் வாலண்டைன்.

ரூபேந்திரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கடைய எப்ப மூடுவீங்க?" என்று கேட்டாள் லோஷினி.

"ராத்திரி பத்து மணிக்கு."

"அப்ப நிறைய நேரம் இருக்கு," என்று சொன்ன ரூபேந்திரன், இரண்டு முக்காலிகளை இழுத்து அப்பாவின் இரண்டு பக்கமும் போட்டான்.

வாலண்டைன் கடைப் பாட்டை நிறுத்தினார். வாசலில் நின்று, வந்தவர்களை எல்லாம் செருப்புச் சத்தமில்லாமல் உள்ளே விட்டார். லோஷினி அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நாள்கணக்கில் வராத கொட்டாவி ஒன்று, அவளுக்கு அகலமாக வந்தது.