ஒரு நட்சத்திரம் அதிகம்

கணினித் திரையில் ஒரு நட்சத்திரம் அதிகமாக இருந்தது.

விருச்சிகத்தின் நெஞ்சில் சிவப்பாக எரியும் கேட்டை. அதை ஒட்டினாற்போல் வெள்ளையாக இன்னொன்று. ஒரு வாரமாக மொலெபி இதே இடத்தைத்தான் படம் பிடிக்கிறான். நேற்று வரை அது அங்கே இல்லை. முற்றத்து மணலில் நிற்கும் அவனுடைய தொலைநோக்கி, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைக் குறியாகப் பிடித்துக்கொண்டு, அது நகர நகரத் தானும் திரும்பும். இன்று அந்தப் புதிய புள்ளியைத்தான் பிடித்திருந்தது.

கலஹாரிப் பாலைவன ஓரத்து ஆடுமாட்டுப் பட்டியில் ஜூன் மாதப் பனிக்காலக் குளிர் இறங்கிக்கொண்டிருக்க, தகரக் கூரை சுருங்கிச் சுருங்கி முறியும் சத்தமும், அணைந்த அடுப்பின் புகை நாற்றமும், பட்டியிலிருந்து வரும் ஆட்டு மூத்திர வாடையும் சேர்ந்து அந்த இருட்டு அறையை நிறைத்திருந்தன. உள்ளறையிலிருந்து அவன் மனைவி செதுன்யா கத்தினாள்.

"டார்ச் பேட்டரி எங்க?"

"என் பையில. நீ லைட்டப் போட்டா என் படம் பாழாப்போகும்."

"பிள்ளை ராத்திரி வெளிய போகணும்னா?"

"தடவிக்கிட்டுப் போகட்டும். நம்ம முற்றம்தானே?"

"உங்க நட்சத்திரம் நாசமாப் போக! விடிஞ்சதும் ஒரதிலேயக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அப்புறம் வானத்தக் கட்டிக்கிட்டு அழுங்க."

அவளைவிட அவனுக்கு எரிச்சல். பிள்ளையை வைத்து மிரட்டுகிறாளே! ஒரதிலே இல்லாத வீட்டை அவனால் நினைத்தே பார்க்க முடியாது. அதற்காகப் பேட்டரியை எடுத்துக் கொடுத்துவிடவும் இல்லை.

புள்ளி உப்பி, வளையலைப் போல நடுவில் ஓட்டையோடு தெரிந்தது. குளிரில் குவியம் நழுவியிருக்கும். திருத்தினான். புள்ளியானது. மறுபடி வளையல், முன்னைவிடப் பெரிதாக. மறுபடி திருத்தினான். அப்போதுதான் கவனித்தான்: அது ஒன்று மட்டுமே கூர்மை. மற்ற நட்சத்திரங்களெல்லாம் மங்கி ஊதிக் கிடந்தன.

குவியம் நழுவவில்லை. அது கிட்டே வருகிறது.

வெளியே தொலைநோக்கியின் மோட்டார் நிற்காமல் முனகிக்கொண்டிருந்தது. நட்சத்திரத்தைத் தொடர இவ்வளவு வேகமாக அது ஓட வேண்டியதில்லை. ஜன்னலில் கண்ணை வைத்தான். வானத்தைப் பார்த்திருக்க வேண்டிய குழாய் முள்வேலி உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. ஆடுகள் மூச்சுவிடவில்லை. நாய் எங்கே போய்த் தொலைந்தது?

குழாய் திரும்பியது. மெதுவாக. பட்டியைத் தாண்டி. வீட்டுப் பக்கம்.

பின்வாசலைக் குறிவைத்து நின்றது.

"அப்பா, நான் லைட் போடல."

ஒரதிலேயின் குரல். வெளியிலிருந்து.

"உள்ள வாடி! ஓடி வா!"

"பயப்படாதீங்கப்பா. இந்த அத்தை கையைப் பிடிச்சிருக்காங்க. விழ மாட்டேன்."

டார்ச்சையும் பையையும் அள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். பை. பேட்டரி. விறைத்த விரல்கள். ஒன்று மணலில் விழுந்தது. மண்டியிட்டுத் துழாவினான். கிடைத்தது. தலைகீழ். மாற்றிப் போட்டான்.

வெளிச்சம் வந்தது.

முற்றத்தில் யாருமில்லை. சின்னச் செருப்புத் தடம் பின்வாசலிலிருந்து பாதி முற்றம் வரை போயிருந்தது. பக்கத்தில் வேறு தடமே இல்லை. அதற்கப்பால் மணல் கலையாமல் கிடந்தது.

"ஒரதிலே எங்கங்க? படுக்கையில இல்லையே!" செதுன்யா அலறிக்கொண்டு வந்தாள்.

மோட்டார் முனகியது. குழாய் நிமிர்ந்தது. வேலிக்கு மேல். முள்மரத்துக்கு மேல். இன்னும் மேலே. நின்றது.

உள்ளே கணினி, குறி கிடைத்துவிட்டால் எப்போதும் போடும் அந்தச் சின்ன ஒலியைப் போட்டது. மொலெபி தடுமாறிப் போய்ப் பார்த்தான்.

கேட்டை சிவப்பாக எரிந்தது. பக்கத்தில் அந்த வெள்ளை. அதன் கையைப் பிடித்தாற்போல், சின்னதாக இன்னொன்று.