ஏழாம் நம்பர் நன்றாகத் தாங்குகிறார்

டெலிபோன் அலறியது!

டாக்டர் அருள்பிரகாஷ் சுக்குக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார். வாயெல்லாம் புண். ஒரு மாதமாகவே எரிச்சல். தஞ்சாவூர் வெயிலின் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

சென்னை லேபிலிருந்து ஹமீதா பானு.

"டாக்டர், உங்க ஏழாம் நம்பர் பேஷண்ட் சாமிதுரை... அஞ்சு வாரத்து ரத்தத்தையும் சேர்த்து டெஸ்ட் பண்ணினோம். மருந்து வாரா வாரம் ஏறியிருக்கு."

"மருந்து... இருக்கா?"

இருக்கக் கூடாது!

சாமிதுரை செத்து நாற்பது நாள் ஆகிறது.

அது 2003. அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் புதிய புற்றுநோய் மாத்திரை. உடம்பில் எவ்வளவு ஏறுகிறது, உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. பன்னிரண்டு நோயாளிகள். பன்னிரண்டு பேரும் கடைசி வரை தாக்குப்பிடித்தால் அருள்பிரகாஷுக்கு நியூஜெர்சியில் வேலை, குடும்பத்தோடு விசா.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி சாமிதுரை மூன்றாவது வாரமே தண்ணீர்கூட இறங்காமல் துடித்தார். மாத்திரையை நிறுத்தச் சொல்லி அவர் மனைவி தங்கம்மாள் டாக்டரின் காலில் விழுந்தாள்.

"தாங்கும்... எல்லாம் தாங்கும்" என்றார் அருள்பிரகாஷ்.

'நன்றாகத் தாங்குகிறார்' என்று கேஸ் ஷீட்டிலும் எழுதினார். நான்காம் நாள் பிணத்தை வேனில் ஏற்றி அனுப்பினார்.

அப்புறம் திங்கள்தோறும் தன் ரத்தத்தையே எடுத்து, ஏழாம் நம்பரை ஒட்டி லேபுக்கு அனுப்பினார். மருந்து ஏறவில்லை என்று எழுதுவார்கள். எழுதட்டும். செத்தார் என்று எழுத மாட்டார்கள் அல்லவா? தங்கம்மாள் வாயைத் திறக்காமல் இருக்க, தன் கிளினிக்கிலேயே காப்பி போடும் வேலையும் கொடுத்தார். கெட்டிக்காரர்தான்!

போனில் ஹமீதா பானுவின் குரல் பதறியது.

"இந்த அளவு யாருக்கும் தாங்காது, டாக்டர். உடனே அட்மிட் பண்ணுங்க. இல்லேன்னா பொழைக்க மாட்டார். கேட்குதா?"

அருள்பிரகாஷ் தலையைத் தடவினார். கொத்தாக முடி கையோடு வந்தது...

பார்வை டம்ளருக்குப் போனது. ரிசீவர் கை நழுவி மேஜையில் விழுந்தது. டம்ளரை எடுக்க வந்த தங்கம்மாள் வாசலில் நின்றாள்.

"காப்பியில... என்ன போட்டே?"

"சுக்கு, மல்லி, கருப்பட்டி." அவள் நிதானமாகச் சொன்னாள். "அப்புறம் அவரு மாத்திரை. மிச்சமெல்லாம் ஊட்டுலயே கெடந்துச்சு. நீங்கதான் திருப்பிக் கேக்கவே இல்லியே, சார்."

"அடிப்பாவி..."

"அவரு நம்பருக்கு ஒங்க ரத்தம் போவுது. கண்ணால பாத்தேன். அந்த நம்பருக்கு மாத்திரை போவ வேணாமா?"

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். என்ன மருந்து, எப்படி உள்ளே போனது என்று கேட்பார்கள். சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் கல்லறை. எழுந்தார். கால் மடங்கி, அப்படியே தரையில் சரிந்தார்.

மேஜையில் கிடந்த ரிசீவர் கத்திக்கொண்டே இருந்தது. தங்கம்மாள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ... ஏழாம் நம்பர் இப்ப எப்படி இருக்கார்?"

அவள் கீழே பார்த்தாள்.

"நல்லா தாங்குறாருங்க" என்று சொல்லி, போனை வைத்தாள்.