ஆப்புக்கல்

அடுப்படித் தரையில் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்திருந்தது. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளாக அசெனோர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மேற்கு ஜன்னலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், புதர்மேட்டில் நிற்கும் கல்மேசை அந்தி வெயிலை முழுசாக மறைத்துவிடும். நட்டுவைத்த பாறைகள், அவற்றின் மேல் ஒரு பலகைப்பாறை. யார் தூக்கிவைத்தார்கள் என்று இந்தப் பிரெத்தான் கடற்கரையில் எவருக்கும் தெரியாது.

இப்போது அதில் ஓர் இடுக்கு இருந்தது. அவள் உண்டாக்கியது.

நேற்று யோவான் திருநாள் நெருப்பு. வீட்டில் ஆளுக்கொரு கல்லை நெருப்பைச் சுற்றி வைப்பார்கள். செத்துப்போனவர்கள் வந்து அதில் உட்கார்ந்து குளிர்காய்வார்கள். விடிந்ததும் எவருடைய கல் புரண்டு கிடக்கிறதோ அவர் அடுத்த நெருப்பைப் பார்க்கமாட்டார். கல் கடற்கரையில் பொறுக்கியதாக இருக்கவேண்டும். கைக்குழந்தை தெலோவுக்கு இதுதான் முதல் நெருப்பு. அவன் கல்லை அவள் மறந்துபோனாள். நினைவு வந்தபோது கடல் ஏறிக் கரையை மூடியிருந்தது. பலகைப்பாறைக்கு அடியில் செருகியிருந்த ஆப்புக்கல்லை உருவிக்கொண்டு ஓடினாள். ஆடிய பல்லைப்போலச் சுலபமாக வந்தது.

காலையில் மற்ற கற்கள் வைத்தபடி இருந்தன. தெலோவின் கல்லைக் காணோம்.

"புரளலையே அத்தை, நல்லதுதானே?"

மாமியார் சோவாஸ் சாம்பலையே பார்த்தாள். "எங்கடி பொறுக்கின?"

சொன்னாள்.

"கரைக்குப் போய்க் குனிஞ்சா மகாராணிக்கு இடுப்பு ஒடிஞ்சிடுமோ?"

"பாதிரியார் வந்து தீர்த்தம் தெளிச்சாரே..."

"அவரு நேத்து வந்தவரு. நெருப்பு அவருக்கும் முந்தினது. கரைக்கல்லுன்னா நம்ம ஆளுங்க உக்காந்துட்டுப் போயிடுவாங்க. இது அந்தக் கல்மேசையக் கட்டினவங்களோட கல்லு. ஓட்டைய அப்படியே விடுவாங்கன்னா நெனைக்கிற? நான் போய் வேற கல்லு தேடி அடைக்கிறேன். புள்ளையக் கீழ மட்டும் வைக்காத."

சோவாஸ் இன்னும் திரும்பவில்லை. பகல் முழுக்கத் தெலோ இவள் இடுப்பில்தான் இருந்தான். நீலக் காலுறை போட்ட கால்கள் அவள் விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தன, தோள் மரத்துவிட்டது. வெயில் இறங்க இறங்கப் பொட்டு தரையில் ஊர்ந்து, தொட்டிலின் காலைத் தொட்டு, மேலே ஏறத் தொடங்கியது. அணைந்த சாம்பலின் வாடையும் நனைந்த பாறையின் வாடையும் எங்கிருந்தோ வந்தன. வெளியே மாவு அரைப்பதுபோல ஒரு சத்தம். மெதுவாக. கல்லின் மேல் கல்.

பால் பொங்கியது.

அடுப்பிலிருந்து இறக்க இரண்டு கையும் வேண்டும். தொட்டிலில் விட்டாள். ஒரு நொடிதான். பாத்திரத்தை இறக்கினாள்.

அரைக்கும் சத்தம் நின்றது.

திரும்பினாள். பொட்டு இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் மட்டும் அப்படியே இருந்தது.

தொட்டிலில் போர்வை ஒழுங்காக இழுத்து மூடியிருந்தது. கை வைத்தாள். கதகதப்பு. கெட்டியாக. விலக்கினாள்.

ஆப்புக்கல். சாம்பல் ஒட்டியிருந்தது.

மேட்டில் பலகைப்பாறை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் அடியில், இடுக்கு இருந்த இடத்தில், நீலமாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது.