வாய்ப்பக்கம்

தட்டிலிருந்த கடல்நீர் பாதியாகக் குறைந்திருந்தது. மேஜையிலோ தரையிலோ ஒரு சொட்டு ஈரமில்லை. தேநீர்க் கோப்பையோடு ஆய்வகத்துக்குள் வந்தவள் அதைத்தான் முதலில் கவனித்தாள். பிறகு வாடையை. மாதிரிகள் ஊறும் புட்டிகளின் வழக்கமான சாராய நெடியல்ல அது. திரிந்த பாலில் துரு கலந்தது போன்ற ஒன்று, குளிர்பதனப் பெட்டியின் முனகலோடு சேர்ந்து அறை முழுக்க மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

கணவன் அவளுக்கு முதுகு காட்டி, ஜன்னலோரம் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான்.

முள்தோலிகளை வகை பிரிப்பது இருவருக்கும் வேலை. நட்சத்திர மீன், பாம்பு நட்சத்திரம், கடல் முள்ளெலி, கடல் வெள்ளரி, கடல் அல்லி என்று ஐந்தே வகுப்புகள். காலையில் இழுவலையில் வந்தது எதிலும் அடங்கவில்லை. ஐந்து கைகளும் நட்சத்திர மீனுக்குரியவை. உடல் வெள்ளரி போலத் தொளதொளத்தது. புது வகுப்பென்று நிரூபித்துவிட்டால் அவன் பெயர் நிலைத்துவிடும். அந்த அவசரத்தில் கையுறைகூடப் போடாமல் கத்தியை எடுத்தான்.

மயக்கிவிட்டுத்தான் அறுப்பது வழக்கம். மென்தால் தூவட்டுமா என்று கேட்டாள்.

"மூளையே இல்லாத ஜென்மத்துக்கு எதுக்குடி மயக்க மருந்து? அப்படிப் பார்த்தா, உங்கண்ணனுக்குப் பல்லு பிடுங்கறப்பவும் குடுத்திருக்கக் கூடாது."

அதன் ஐந்தில் அறுபட்ட ஒரு கை மதியம் வரை சுருண்டு விரிந்துகொண்டிருந்தது. அவன் ரசித்துப் பார்த்தான்.

"ஏங்க, டீ."

"வச்சிட்டுப் போ." வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசுவது போலக் குரல் குழைந்தது.

"தட்டுல இருந்தது எங்க?"

"இங்கதான். வாய்ப்பக்கம் பார்த்துட்டிருக்கேன்."

வாய் அடிப்புறத்தில், நட்டநடுவில் இருக்கும். நட்சத்திர மீன் தன் வயிற்றையே அந்த வாய் வழியாக வெளியே தள்ளும். இரைமேல் போர்த்தும். கரைத்துக் குடிக்கும். அவளுக்குத் தெரியும்.

"இப்படித் திரும்புங்க."

"முடியல. ஆனா வலிக்கல."

மேஜையைச் சுற்றிப் போனாள். கோப்பை தளும்பியது. வாடை கனத்தது. ஜன்னல் வெளிச்சம்.

நெற்றியையும் தாடையையும் நான்கு கைகள் கவ்வியிருந்தன. கன்னங்கள் இல்லை. மூக்கு இல்லை. கண்ணாடி போன்ற சவ்வு. அவன் மூச்சுக்கு அது புடைத்து அடங்கியது. உள்ளே சிவந்த குழைவு. பற்கள். ஒரே ஒரு கண்.

அது அவளைப் பார்த்தது.

"எழுதிக்கோ." பற்கள் அசைந்தன. "ஆறாவது வகுப்பு."

சவ்வு மேலே நகர்ந்து கண்ணைத் தொட்டது. கண் மூடவில்லை. மூடுவதற்கு இமை இல்லை.