சட்டத்துக்கு அடியில்

கிட்ட வாங்க கண்ணுகளா, அந்தக் கம்பளியை முழங்கால் வரைக்கும் இழுத்துக்கொள்ளுங்கள். நெசிஹேயின் கதையைச் சொல்கிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவளுக்குத்தான் பிடித்துக்கொள்ள ஒரு தோள் இல்லாமல் போயிற்று.

துருக்கி நாட்டுக் கொய்னுக் ஊரில், மலைச்சரிவில் ஒரு மரவீட்டு மாடியில் தனியாக இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். துணைக்கு இருந்த நாத்தனார் வஸ்ஃபியேயும் இலையுதிர் காலத்தில் கண்ணை மூடிவிட்டாள். மகள் பெரிஹான் இருப்பது தூரத்துப் புர்ஸா நகரத்தில். பேத்தி கல்யாணத்துக்கென்று நெசிஹே ஜன்னலோரம் வைத்த பூவேலை மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, துண்டின் கரையில் சின்னச் சின்ன வீடுகளும் சைப்ரஸ் மரங்களுமாகப் பட்டு நூலில் பூவேலை செய்துகொண்டிருந்தாள். அந்த வேலைக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று கிடையாது. இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். வலது கை மேலிருந்து ஊசியை இறக்கும். இடது கை துணிக்கு அடியில், கண்ணில் படாமல், அதை வாங்கித் திருப்பி அனுப்பும்.

மூடுபனி எதிர்வீட்டுக் கூரையை விழுங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். ஊசியை இறக்கினாள். சரியான இழையில், சரியான இழுப்போடு அது திரும்பி மேலே வந்தது. அப்புறம்தான் பார்த்தாள், தன் இடது கை டீ கிளாஸைப் பிடித்தபடி மடியில் கிடந்தது.

குனிந்து பார்த்தாள். கம்பளம். அவளுடைய செருப்பு. வேறொன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பெரிஹான்.

“துண்டு எந்த மட்டுல இருக்கும்மா?”

“பாதிதான்டி ஆயிருக்கு.”

“அதுக்கு ஏன் கண்ணைக் கெடுத்துக்கிற? கடையில மெஷின்ல போட்டதே ஜோரா கிடைக்குது. நீயும் இந்தக் குளிர்ல அலைய வேணாம். கல்யாணத்தை வீடியோவுல பாத்துக்க.”

நெசிஹேக்குப் புரிந்துவிட்டது. துண்டு வேண்டாமென்றால் அவளும் வேண்டாம். இன்னொரு குளிர்காலம் முழுக்க இந்தச் சுவர்களோடுதான்.

“சனிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்காரரைக் காரோட அனுப்பு. முடிச்சு வைக்கிறேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

திரும்ப வந்து உட்கார்ந்தாள். இடது கையை வேண்டுமென்றே மடியில் வைத்துக்கொண்டு ஊசியை இறக்கினாள். வந்தது. மறுபடி இறக்கினாள். வந்தது.

மறுநாள் காலையில் பால்காரி ஹஜெர் மாடியேறி வந்தவள் வாயைப் பிளந்தாள்.

“என்னக்கா இது! நேத்து ஒத்த மரம் நின்னுச்சு, இன்னைக்கு ஒரு தெருவே எழும்பிடுச்சு. கல்யாணம் பேத்திக்கா, உனக்கா?”

“போடி வாயாடி. பாலை ஊத்திட்டு நடையைக் கட்டு.”

“ஊத்துறேன், ஊத்துறேன். ஆமா, ஏன் காலைத் தூக்கி மேல வச்சிக்கிட்டு உக்காந்திருக்க? கீழ எலியா?”

“ஆமாடி. எலிதான்.”

கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயேன் என்று சொல்ல நினைத்தாள். சொல்லப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. படிகளில் ஹஜெரின் காலடி தேய்ந்து மறைந்தது.

சனிக்கிழமை அந்தி. பனி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. நனைந்த கம்பளி வாசனையோடு, மரப்பலகைகளின் இடுக்கிலிருந்து, புதிதாய் வெட்டிய மண்ணின் வாசனையும் ஏறி வந்துகொண்டிருந்தது.

“வஸ்ஃபியே” என்றாள் மெல்ல. “நீதானா?”

தையலை நகத்தால் வருடினாள். வஸ்ஃபியேக்கு இடக்கைப் பழக்கம். அவள் இழுக்கும் நூல் எப்போதும் ஒரு பக்கமாகச் சாயும். இது சாயவில்லை.

வஸ்ஃபியே இல்லை.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் பாக்கி ஒரே ஒரு தையல். கீழே தெருவில் கார் வந்து நிற்கும் சத்தம். ஊசியை இறக்கினாள்.

வரவில்லை.

காத்திருந்தாள். வரவில்லை. ஹாரன் ஒலித்தது. ஊசியைத் தேடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் துணிக்கு அடியில் விட்டாள்.

குளிர்ந்த விரல்கள் அந்தக் கையை ஏந்திக்கொண்டன. பறிக்கவில்லை. இறுக்கவில்லை. புறங்கையில் உதடு பதிந்தது. பிறகு ஒரு நெற்றி. பண்டிகைக் காலையில் சின்னவர்கள் பெரியவர்கள் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார்களே, அப்படி. அவள் கைக்கு அதை யாரும் செய்து எத்தனை காலம்! ஒரு கணம் கண்கூட நிறைந்துவிட்டது. ‘நல்லா இரு’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

கையை இழுத்தாள்.

வரவில்லை.

இன்னொரு உதடு. இது சொரசொரப்பு. இன்னொரு நெற்றி. அப்புறம் மிகச் சின்னதாய் ஒன்று, பல் முளைக்காத ஈறு. சட்டத்துக்கு அடியில் ஒரு ஆள் குனிந்து உட்காரவும் இடம் கிடையாது.

“அத்தை! பனி ஏறுது, கிளம்பலாமா?” மருமகனின் குரல், வெகு கீழே.

வாயைத் திறந்தாள். குரல் இல்லை.

உதடு. நெற்றி. உதடு.

மேலே, துணியில், ஊசி தானாக எழுந்து கடைசித் தையலைப் போட்டுப் படுத்தது. அடியில், இருட்டில், வரிசையின் வெகு பின்னால் யாரோ தன் முறைக்குக் காத்திருந்து மெல்லச் செருமினார்கள்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும் கண்ணுகளா. படியேறி வருகிறவர்கள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் கையைப் பிடிக்கிறவர்களின் முகம் என்றைக்கும் உங்களுக்குத் தெரிந்த முகமாகவே இருக்கட்டும்.