முப்பத்தொரு நிமிட ஜெனோவா

காலை ஐந்தரைக்குக் காசிமேட்டில் குழாய்கள் திறந்தன. ஒவ்வொரு குழாயின் மேலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. வீட்டுக்கு அறுபது நிமிடத் தண்ணீர். அதில் கோல்கீப்பருக்கு நான்கு, நடுக்கள ஆட்டக்காரிக்கு ஐந்து என்று கழித்துக்கொண்டே போய், மிச்சம் எவ்வளவு என்று திரை சொல்லும். முந்தின நாள் பெனால்டியை வானத்துக்கு உதைத்தவளின் பெயர் வந்ததும், குடத்தை அடியில் வைத்த மேரிபுஷ்பம், "இவளுக்கு மூணு நிமிசம் ஒரு கேடு" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த பிறகு ரூபாயை யார் மதித்தார்கள்? பதினாறு வட்டங்கள், பதினாறு பெண்கள் கால்பந்து அணிகள், எல்லோருக்கும் சம்பளம் நிமிடத்தில்தான். ஆட்டக்காரி அதை ஆலையிடம் விற்றுக்கொள்ளலாம். ஆனால் வட்டத்தின் ஒவ்வொரு வீட்டிலும் அந்த நிமிடம் தினமும் கழியும். கோப்பையை வென்றுவிட்டால் கதையே வேறு. அடுத்த ஓராண்டுக்கு அணியின் சம்பளத்தை ஆலையே ஏற்கும், அறுபதும் வீட்டுக்கே. காசிமேட்டுக்கு அந்த யோகம் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாய்க்கவில்லை.

வரிசையின் கடைசியில் நின்ற பிரகாசிதான் அணியின் தேர்வாளர். யாரை எடுப்பது, எத்தனை நிமிடத்துக்கு என்று முடிவு செய்பவள். அன்று அவளை யாரும் நிம்மதியாகத் தண்ணீர் பிடிக்க விடவில்லை. அவளுடைய தங்கை ஜெனோவாவின் பழைய ஒப்பந்தம் முடிந்திருந்தது. எந்த வட்டமும் விலை சொல்லலாம், பிடித்த இடத்துக்கு அவள் போகலாம். அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டற்றவர் என்று பெயர்.

"இன்னாமே, தங்கச்சி சும்மாதான கீறா? இட்டாந்துட வேண்டிதுதான?" என்றாள் மேரிபுஷ்பம்.

"பாக்கலாம்க்கா."

"இதுல பாக்கறதுக்கு இன்னா கீது?"

பத்து மணிக்கு மீன் ஏலக்கூடத்தில் வட்டமே கூடிவிட்டது. தலைவர் லூர்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "முப்பது போடு, முப்பத்தஞ்சு போடு. நம்ம பொண்ணு. ஒரு வருசம் உப்புத் தண்ணியில குளிச்சா செத்தா போயிடுவோம்?" என்றார். கூடம் அதிரக் கை தட்டினார்கள்.

பிரகாசி கையிலிருந்த முன்கணிப்பியைத் திருப்பிக் காட்டினாள். ஓர் ஆட்டக்காரி வரும் ஆண்டில் எத்தனை கோல் போடுவாள், முழங்கால் எத்தனை ஆட்டம் தாங்கும் என்றெல்லாம் பார்த்து விலை சொல்லும் கருவி அது. திரையில் பதினெட்டு என்று இருந்தது.

"மெஷினு பழுதும்மா" என்றார் லூர்து.

"பழுதில்லண்ணே. பதினாறு வட்டத்துலயும் இதே மாதிரி மெஷினுதான் வச்சிருக்காங்க. ஆனா ஒண்ணு பதினஞ்சு சொல்லும், ஒண்ணு இருவது சொல்லும், எவனோ ஒருத்தனுது முப்பது சொல்லும். அந்த முப்பதுதான் அவள எடுக்கும். நீங்க இங்க தெனம் பாக்கறதுதான? கூடைய இறக்கினதும் இருவது பேரு குனிஞ்சு பாக்கறாங்க. யாரு கூடைய எடுக்கறாங்க?"

மேரிபுஷ்பம்தான் முனகினாள்: "எவன் கண்ணுக்கு மீனு அதிகமா தெரியுதோ, அவன்."

"எடை போட்டா?"

"கொறையும். எப்பவும் கொறையும்."

"அவ்ளோதான்க்கா. நான் பதினெட்டுக்கு மேல போவல."

விளங்கியது எல்லோருக்கும்தான். ஆனால் விளங்குவது வேறு, ஆசை வேறு. சொந்தத் தங்கையை எடை போட்டவள் என்று பின்வரிசையில் யாரோ சொன்னது பிரகாசியின் காதில் விழத்தான் செய்தது. லூர்து மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "எத்தன நிமிசம்னு சொல்றது உன் உரிமை. கோப்ப வரலன்னா அடுத்த வருசம் வேற ஆளு."

மூன்றாம் நாள் நொய்யல் வட்டம் முப்பத்தொன்று சொல்லி ஜெனோவாவை எடுத்தது. அன்று மாலையே அவள் அக்காவை அழைத்தாள்.

"ஊரே முப்பத்தஞ்சுன்னுச்சாமே. நீ ஒருத்திதான் பதினெட்டு."

"ஜெனோ, நான் சொல்றத கொஞ்சம் கேளு..."

"வேணாம். நீ இன்னா நெனைக்கிறன்னு தெரிஞ்சிபோச்சு." அழைப்பு அறுந்தது. பிரகாசி அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

வேலை நிறைய இருந்தது. முதல் வாரத்தில் பெரிய பெயர்களுக்கு அள்ளிக் கொடுத்த வட்டங்கள் இரண்டாம் வாரத்தில் கையைப் பிசைந்தன. மூன்றாம் வாரத்தில் கட்டற்றவர் பட்டியலில் நல்ல ஆட்டக்காரிகள் கேட்பாரற்றுக் கிடந்தார்கள். பழவேற்காட்டுப் பின்கள ஆட்டக்காரி ஒருத்தி இரண்டு நிமிடத்துக்கு வந்தாள். முப்பத்து மூன்று வயது, ஆனால் தலையால் முட்டினால் பந்து நடுக்கோடு தாண்டும். பிரகாசி அப்படி ஐந்து பேரைச் சேர்த்தாள். மிஞ்சிய நிமிடங்களில் பாதியை வீடுகளுக்கே விட்டாள், மீதியை மைதானத்துப் புல்லுக்குப் பாய்ச்சினாள். உப்பு மண்ணில் புல் பிடிக்க நான்கு மாதம் ஆனது. பிடித்த பிறகு காசிமேட்டுப் பெண்களுக்குக் கால் பிசகுவது பாதியாகக் குறைந்தது.

நொய்யலில் ஜெனோவா கோல் போட்டாள், குறையில்லை. அவளுக்குப் போக மாற்று ஆட்டக்காரிகளுக்குத்தான் அங்கே நிமிடமில்லை. ஒருத்திக்குக் கணுக்கால் போனால் அவள் இடத்தில் பள்ளிக்கூடத்துப் பெண் இறங்கினாள். அப்படியும் தட்டுத் தடுமாறி அந்த அணி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. எதிரே யார்? காசிமேடு.

வெயில் தாழாத மூன்று மணிக்கு ஆட்டம். பதினோராவது நிமிடமே ஜெனோவா இரண்டு பேரைத் தாண்டி மூலையில் அடித்தாள். அடுத்த ஒரு மணி நேரம் பிரகாசி நகத்தைக் கடித்து முடித்துவிட்டு விரலைக் கடித்தாள். அறுபத்தைந்தில் அவள் மூன்று மாற்று ஆட்டக்காரிகளை இறக்கினாள். நொய்யலின் பெஞ்சில் இறக்க ஆளில்லை. எழுபதில் காசிமேட்டுக்கு ஒரு கோல், எண்பத்திரண்டில் இன்னொன்று. கடைசியாக, மூலை உதைக்கு எகிறிய பழவேற்காட்டுக்காரியின் தலையில் பட்டு வலைக்குள் போனது ஒன்று. மூன்றுக்கு ஒன்று. காசிமேடு கோப்பையை வென்றது.

அப்புறம் நடந்ததை விவரித்தால் நம்பமாட்டார்கள். லூர்து வேட்டியோடு புல்லில் உருண்டார். மேரிபுஷ்பம் நடுவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். பிரகாசியைத் தோளில் தூக்கினார்கள். அவளோ இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். எதிரணிப் பெஞ்சில் ஜெனோவா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பிரகாசி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஓராண்டுக்குப் பிறகு ஒரே பெஞ்சில்.

"அங்க கடைக்குப் போனா சிரிப்பாங்கக்கா" என்றாள் ஜெனோவா, தரையைப் பார்த்தபடி. "கோல தவற வுட்டுட்டா சிரிக்க மாட்டாங்க. யாரும் திட்டல. ஒருநாளு ஒரு கொழந்த வந்து, 'அக்கா, நீங்க நல்லா ஆடுனா எனக்குத் தலக்கி ஊத்துவாங்களா'ன்னு கேட்டுச்சு. அப்பறம் பந்து காலுல வந்தாலே அந்தப் புள்ள தலதான் தெரியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "முப்பத்தஞ்சுக்கு நீ என்ன இட்டாந்திருந்தா, மேரிபுஷ்பக்காவும் என்ன அப்டிதான பாத்திருக்கும்."

"பாத்திருக்கும். நானே பாத்திருப்பேன்டி."

ஜெனோவா அக்காவின் தோளில் சாய்ந்து குலுங்கி அழுதாள். பிரகாசிக்கும் நிற்கவில்லை. ஜெயித்த மகிழ்ச்சியும் சேர்ந்து வந்ததால் அவள் அழுவதும் சிரிப்பதுமாக இருந்தாள்.

அதற்குள் லூர்து புல்லும் மண்ணுமாக வந்து நின்றார். "ஜெனோவா ஒப்பந்தம் இன்னியோட முடியுதில்ல? வரும் வருசம் சம்பளத்த ஆலை கட்டுது. முப்பது போட்டாலும் நமக்கு வலிக்காதும்மா பிரகாசி."

பிரகாசி வாயைத் திறக்குமுன் ஜெனோவா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கு அடுத்த வருசம் வலிக்கும்ணே. அஞ்சு போடுங்க, நான் வரேன்" என்றாள்.

"அஞ்சா? உனக்கா?"

"எனக்குத்தான். ஒரு கோல தவற வுட்டா குழாயடியில நின்னு என்ன வாய் நெறைய திட்டணும். எல்லாரும் சிரிக்கணும். அஞ்சுக்கு மேல போனா அது முடியாது."



மேரிபுஷ்பம் அந்த இடத்திலேயே ஆரம்பித்தாள்: "பத்தொம்போதாவது நிமிசத்துல கோல்கீப்பர் கையில பாஸ் போட்டியேடி, கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" ஜெனோவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.